'சைனா மாதிரி ஆட்சி வேணும்': செங்கொடியும் சந்தையும் ஒரே கையில் இருப்பது எப்படி?

2025 ஜனவரி முதல் வாரம். விழுப்புரம் நகரம் முழுக்கச் செங்கொடி. மார்க்சிஸ்ட் கட்சியின் 24-வது மாநில மாநாடு 3-ம் தேதி தொடங்கி 3 நாள் அங்கே நடந்தது. பெ.சண்முகம் புதிய மாநிலச் செயலாளராகத் தேர்வானது அந்த மாநாட்டில்தான்.

அங்கிருந்து சென்னை திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி ஒரு டீ. கடையில் பேச்சு சிப்காட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. திண்டிவனம் சிப்காட்டில் 400 கோடி ரூபாயில் ஆலை போட 'டாபர்' கம்பெனி 2024 ஆகஸ்டில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது நினைவிருக்கலாம். "ஒப்பந்தம் போட்டாச்சு, ஆலை எப்போ வரும்?" என்றார் ஒருவர். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சைனா மாதிரி ஆட்சி இருந்தாதான் தம்பி நம்ம நாடு உருப்படும். அங்க இன்னைக்கு சொன்னா நாளைக்கு ஃபேக்டரி நிக்குது."

அதற்கு இன்னொருவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "சைனாவுல கம்யூனிஸ்ட் ஆட்சியாச்சே. விழுப்புரத்துல கொடி கட்டியிருக்காங்களே, அதே கொடி. முதலாளியே கூடாதுன்னு சொல்றவங்க, எப்படி ஊர்ப்பட்ட முதலாளிய வெச்சுக்கிட்டு ஆட்சி நடத்துறாங்க?"

அன்று என்னிடம் பதில் இல்லை. ஊடகவியல் படிப்பில் பனிப்போர் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தவன் நான். ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்து கூகுள்தான் செய்தேன். அப்போதிருந்து படித்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், என்ன நடந்திருக்க வேண்டும்?

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிகளின் கதை முடிந்தது என்று அப்போது உலகமே எழுதியது. சந்தை வந்தால் வியாபாரி வருவார், வியாபாரி வந்தால் நடுத்தர வர்க்கம் வளரும், அவர்கள் ஓட்டு கேட்பார்கள், கட்சி வீட்டுக்குப் போகும் என்பதுதான் கணக்கு.

கணக்கு தப்பியது. சீனா, வியட்நாம், லாவோஸ் மூன்றிலும் இன்றுவரை அதே கட்சிதான். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. 1990-ல் சராசரி சீனரின் வருமானம் சராசரி இந்தியருடையதைவிடக் கொஞ்சம் குறைவு. இன்று ஏறக்குறைய 5 மடங்கு. 40 ஆண்டுகளில் சுமார் 80 கோடிப் பேர் அங்கே கொடிய வறுமையிலிருந்து மீண்டார்கள் என்கிறது உலக வங்கி. டீக்கடைப் பெரியவர் வியந்து பேசியதில் தப்பே இல்லை.

ஆனால் 'இன்னைக்கு சொன்னா நாளைக்கு நிக்குது' என்பதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அது ஃபேக்டரியில் தொடங்கவில்லை. வயலில் தொடங்கியது.

18 கைரேகைகள்

சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்று ஒரு குக்கிராமம். 1959 முதல் 1961 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். இந்தக் கிராமமும் தப்பவில்லை. நிலம் முழுக்கக் கம்யூன் வசம். காலையில் மணி அடித்தால் எல்லோரும் வயலுக்குப் போக வேண்டும். நன்றாக உழைத்தவருக்கும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றவருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு.

1978 கடைசியில் அந்த ஊரின் 18 விவசாயிகள் ஒரு மண் வீட்டில் ரகசியமாகக் கூடி, ஒரு துண்டுக் காகிதத்தில் ரேகை வைத்தார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வோம். அரசுக்குச் சேர வேண்டிய நெல்லைக் கொடுத்துவிடுவோம். மிச்சம் அவரவருக்கு. இதற்காக யாராவது ஜெயிலுக்குப் போனால், அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்போம்.

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறுவடையில் விளைச்சல் எகிறியது. விஷயம் மேலே போனது. 1978 டிசம்பரில்தான் டெங் சியாவோபிங் தலைமையில் 'சீர்திருத்தமும் திறப்பும்' என்ற புதிய பாதை தொடங்கியிருந்தது. மாகாணத் தலைமை இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது. பிறகு அனுமதித்தது. பிறகு நாடு முழுக்க அதுவே கொள்கை ஆனது. 1984-க்குள் கம்யூன்கள் கலைந்தன. 1978-ல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 1984-ல் 40 கோடி டன்னைத் தாண்டியது.

நிலம் விவசாயிக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உழும் உரிமை மட்டும்தான் கிடைத்தது. பட்டா கட்சியின் பையிலேயே இருந்தது. இதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

வியட்நாம்: முதலில் திட்டு, பிறகு விருது

வியட்நாமில் இதே கதை இன்னும் முன்னாலேயே நடந்தது. 1966-ல், அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில், வின் ஃபூக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக் கூட்டுறவுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை மாதிரிப் பிரித்துக்கொடுத்துப் பார்த்தார். விளைச்சல் கூடியது. 1968-ல் கட்சியின் மூத்த தலைவர் ட்ரூங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்தார். கிம் நோக் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1979-ல் இறந்தும் போனார்.

போர் முடிந்தது. நாடு ஒன்றானது. ஆனால் சோறு இல்லை. 1986-ல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது 10 ரூபாய்க்கு விற்ற பொருள் ஒரே வருடத்தில் 80 ரூபாயைத் தாண்டினால் எப்படி இருக்கும்? அப்படி. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த 6-வது கட்சி மாநாட்டில் 'டோய் மோய்', அதாவது புதுப்பித்தல், அறிவிக்கப்பட்டது. தனியார் கடை வைக்கலாம், வெளிநாட்டுக் கம்பெனி வரலாம். அந்த மாநாட்டின் அரசியல் அறிக்கையை முன்வைத்தவர் யார் தெரியுமா? 1968-ல் கிம் நோக்கைக் கண்டித்த அதே ட்ரூங் சின்.

1988-ல் நிலம் குடும்பங்களின் கைக்குப் போனது. அதுவரை அரிசியை இறக்குமதி செய்த நாடு, 1989-ல் 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. கிம் நோக்குக்கு இறந்த பிறகு உயரிய அரசு விருதுகள் வழங்கப்பட்டன. திட்டிய கட்சியே மாலையும் போட்டது!

இந்தக் கட்சிகளின் முதல் சாமர்த்தியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே இருந்து வந்ததைத் தடுத்துப் பார்க்கிறார்கள். வேலைக்கு ஆகவில்லையா? அதையே தங்கள் கொள்கை என்று அறிவித்துவிடுகிறார்கள். தப்பு செய்தோம் என்று முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. 'நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ற சோசலிசம்' என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். 1992-ல் சீனக் கட்சி வைத்த பெயர் 'சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்'.

அப்போ சோவியத் மட்டும் ஏன் விழுந்தது?

இதற்கு லைப்ரரி நிறையப் புத்தகம் இருக்கிறது. இங்கே இரண்டே விஷயம்.

ஒன்று, விவசாயி. 1978 சீனாவில் 10-ல் 8 பேர் கிராமத்தில் இருந்தார்கள். சொந்தமாக உழுத நினைவு அவர்களுக்கு இன்னும் இருந்தது. நிலத்தைக் கொடுத்ததும் அடுத்த போகத்திலேயே வயிறு நிறைந்தது. கோர்பச்சேவ் 1985-ல் ஆட்சிக்கு வந்தபோது சோவியத் விவசாயி சம்பளமும் பென்ஷனும் வாங்கும் பண்ணைத் தொழிலாளி. நிலத்தைப் பிரித்துத் தருகிறேன் என்றால் அவர் எதற்கு வாங்குவார்? மாதச் சம்பளம் போய்விடுமே.

இரண்டாவது, எதை முதலில் திறப்பது என்பது. கோர்பச்சேவ் பேச்சு சுதந்திரத்தையும் தேர்தலையும் முதலில் திறந்தார். 1990-ல் ஆட்சி அதிகாரம் கட்சிக்கு மட்டுமே உரியது என்ற சட்டப் பிரிவையே எடுத்துவிட்டார். கடையில் சோப்பும் சர்க்கரையும் இல்லை, ஆனால் அதைப் பற்றிப் பேச உரிமை வந்துவிட்டது. சீனா நேர் எதிர். கடையைத் திறந்தது, வாயைத் திறக்கவில்லை. 1989 ஜூனில் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் வாயைத் திறந்தபோது ராணுவம் வந்தது. அன்று எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சீனாவில் இன்றும் பொதுவில் பேச முடியாது. 'திறமையான ஆட்சி' என்று பேசும்போது இதை ஒரு அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியாது.

விலை விஷயத்திலும் சீனா ஒரே நாளில் குதிக்கவில்லை. ஒரே நிலக்கரிக்கு, ஒரே இரும்புக்கு இரண்டு விலை. அரசுக்குக் கொடுக்க வேண்டிய பங்குக்கு அரசு விலை, அதற்கு மேல் உற்பத்தி செய்தால் சந்தை விலை. நம்ம ஊர் ரேஷன் அரிசியும் கடை அரிசியும் மாதிரி. ரேஷன் அரிசி கடத்தல் எப்படி நடக்குமோ, அதேபோல் அங்கேயும் நடந்தது. அரசு விலைக்கு எடுத்துச் சந்தை விலைக்கு விற்று அதிகாரிகளின் பிள்ளைகள் பணக்காரர் ஆனார்கள். 1989 போராட்டத்தின் கோபங்களில் அதுவும் ஒன்று.

விட்டது விலையை, விடாதது மூன்றை

இப்போது டீக்கடைக் கேள்விக்கே வருவோம். முதலாளியை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி எப்படி ஆள்கிறது?

எதை விற்க வேண்டும், என்ன விலைக்கு என்று சொல்வதைப் பெருமளவு விட்டுவிட்டார்கள். ஆனால் மூன்றை விடவில்லை. நிலம், பேங்க், நாற்காலி.

நாற்காலியிலிருந்து தொடங்கலாம், அதில்தான் சுவாரசியமான கதை இருக்கிறது. 2004-ல் ஒரு நாள் சீனாவின் மூன்று பெரிய டெலிகாம் கம்பெனிகளின் தலைவர்களைக் கட்சி அப்படியே இடம் மாற்றியது. மூன்றும் ஒன்றோடு ஒன்று போட்டி போடும் கம்பெனிகள், வெளிநாட்டுப் பங்குச்சந்தையிலும் பட்டியலானவை. ஏர்டெல் முதலாளியை ஜியோவுக்கும், ஜியோ முதலாளியை வோடஃபோனுக்கும் 'டிரான்ஸ்ஃபர்' போட்டால் எப்படி இருக்கும்? நம்ம ஊரில் தாசில்தாரைத்தான் இப்படி மாற்றுவார்கள். அங்கே பெரிய அரசு கம்பெனித் தலைவர், பல்கலைக்கழகத் தலைவர், மேயர் என்று எல்லா முக்கிய நாற்காலிக்கும் ஆள் போடுவது கட்சியின் அமைப்புத் துறை. ஊரை வளர்த்துக் காட்டிய அதிகாரிக்குப் பதவி உயர்வு. அதனால்தான் ஒவ்வொரு மேயரும் ஃபேக்டரி பிடிக்க ஓடினார்.

அடுத்து பேங்க். பெரிய வங்கிகள் எல்லாம் அரசுடையவை. யாருக்குக் கடன், எந்தத் தொழிலுக்குக் கடன் என்பதில் கட்சியின் சொல் செல்லும். தொழில் தொடங்க யார் வேண்டுமானாலும் வரலாம், பெரிதாக வளர வேண்டுமென்றால் இந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது நிலம், இதுதான் அச்சாணி. 1982 அரசியல் சட்டப்படி சீனாவில் நகர நிலம் அரசுக்குச் சொந்தம், கிராம நிலம் ஊர்க் கூட்டுச் சமூகத்துக்குச் சொந்தம். தனி ஆளுக்குப் பட்டா கிடையாது. 1987 டிசம்பர் 1-ம் தேதி ஷென்சென் நகரில் முதல்முறையாக நில உரிமையை ஏலம் விட்டார்கள். விற்றது நிலத்தை அல்ல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமையை. அது அன்றைய சட்டத்துக்கே விரோதம். அடுத்த வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏலம் முதலில், சட்டம் பிறகு! வீட்டுக்கு 70 ஆண்டு, தொழிற்சாலைக்கு 50 ஆண்டு என்பது இன்றைய வழக்கம்.

இதில் காசு எப்படி வரும்? விவசாயியிடமிருந்து நிலத்தை எடுக்கும்போது விவசாய மதிப்பில் இழப்பீடு. பிறகு அதையே நகர நிலமாக மாற்றி பில்டருக்குச் சந்தை விலையில் குத்தகை. நடுவில் உள்ள வித்தியாசம் உள்ளாட்சி அரசின் கஜானாவுக்கு. ரோடு, மெட்ரோ, தொழிற்பேட்டை எல்லாவற்றுக்கும் பெரும்பங்கு இதிலிருந்துதான் வந்தது. 2021-ல் மட்டும் இந்த வழியில் வந்த தொகை 8.7 லட்சம் கோடி யுவான். 'நாளைக்கே ஃபேக்டரி நிக்குது' என்ற வேகத்தின் அடியில் இருப்பது இந்த வித்தியாசம்தான். நிலத்தை இழந்த விவசாயி அந்த வேகத்துக்கு மானியம் கொடுத்தார் என்றும் சொல்லலாம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதலாளிக்குக் கட்சியில் இடம்

முதலாளி வளர்ந்தால் கட்சிக்குப் போட்டி ஆகிவிட மாட்டாரா? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 2001 ஜூலை 1-ம் தேதி, கட்சியின் 80-வது ஆண்டு விழாவில், தனியார் தொழிலதிபர்களும் கட்சியில் சேரலாம் என்று வாசலைத் திறந்தார் ஜியாங் ஜெமின். தொழிலாளி, விவசாயி கட்சியில் முதலாளியும் உறுப்பினர். அலிபாபா நிறுவனர் ஜாக் மா கட்சி உறுப்பினர் என்பதை 2018-ல் கட்சியின் பத்திரிகையே வெளியிட்டது.

உள்ளே வரலாம், ஆனால் குரலை உயர்த்தக் கூடாது. 2020 அக்டோபரில் ஜாக் மா ஒரு மேடையில் வங்கிக் கட்டுப்பாடுகளைக் குறை சொல்லிப் பேசினார். சில நாளில் அவருடைய 'ஆன்ட்' நிறுவனத்தின் பங்கு வெளியீடு நிறுத்தப்பட்டது. அது நடந்திருந்தால் உலகிலேயே மிகப் பெரிய பங்கு வெளியீடாக இருந்திருக்கும். ஜாக் மா பல வாரங்கள் வெளியே தென்படவில்லை.

வியட்நாமில் ரியல் எஸ்டேட் கோடீஸ்வரி ட்ரூங் மை லானுக்கு வங்கி மோசடி வழக்கில் 2024 ஏப்ரலில் மரண தண்டனையே விதித்தார்கள். அடுத்த வருடம் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையைச் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். அதே 2025-ல், தனியார் துறைதான் பொருளாதாரத்தின் மிக முக்கியமான உந்துசக்தி என்று கட்சியின் அரசியல் தலைமைக் குழுவே தீர்மானம் போட்டது. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் மிட்டாய்.

அப்போ தொழிலாளி?

இந்தக் கேள்வியைத்தான் நம்ம பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.

வந்தவாசி, செய்யாறு பக்கம் விடியற்காலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் டிபன் பாக்ஸோடு பெண்கள் நிற்பார்கள். செய்யாறு சிப்காட்டில் தைவானின் 'ஃபெங் டே' குழுமத்தின் ஷூ ஆலை இருக்கிறது. அது நைக்கிக்கு ஷூ செய்து கொடுக்கிறது. அதே குழுமத்துக்குச் சீனாவிலும் வியட்நாமிலும் ஆலைகள் உண்டு. சீனாவில் சம்பளம் ஏறியது, வேலை வியட்நாமுக்கு நகர்ந்தது, அதில் ஒரு பங்கு நம்ம செய்யாறுக்கும் வந்தது. செங்கொடி நாட்டுத் தொழிலாளியும் வந்தவாசிப் பெண்ணும் ஒரே ஷூவின் வெவ்வேறு தையலைப் போடுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது சாம்சங் கதைக்கு வாருங்கள். சாம்சங் போன்களில் ஏறக்குறைய பாதி தயாராவது வியட்நாமில். அங்கே தொழிற்சங்கம் என்றால் கட்சியின் கீழ் இயங்கும் ஒரே கூட்டமைப்புதான். ஆலை அளவில் தனி அமைப்பு வைத்துக்கொள்ள 2019 தொழிலாளர் சட்டம் ஏட்டளவில் வழி விட்டது, நடைமுறையில் கட்சிக்கு வெளியே சங்கம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. முக்கியக் கோரிக்கை, எங்கள் சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பது. பின்னால் நின்றது சிஐடியு. 2025 ஜனவரியில் சங்கத்துக்குப் பதிவு எண் கிடைத்தது.

கம்யூனிஸ்டுகள் ஆளும் நாட்டில் வைக்க முடியாத சங்கத்தை, கம்யூனிஸ்டுகள் அப்போது நான்கு எம்எல்ஏ வைத்திருந்த மாநிலத்தில் வைக்க முடிந்திருக்கிறது!

ஆனால் வியட்நாம் தொழிலாளி சும்மா இருக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். 2011-ல் மட்டும் அங்கே 900-க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். எல்லாம் சங்கத்தின் அனுமதி இல்லாமல் தொழிலாளர்களே செய்தவை. கட்சி என்ன செய்தது? பெரும்பாலும் அடிக்கவில்லை. அதிகாரிகள் ஆலைக்கு ஓடிப்போய் முதலாளியிடம் பேசிச் சம்பளத்தை ஏற்றிக் கொடுக்க வைத்தார்கள். குறைந்தபட்சக் கூலியையும் அடிக்கடி உயர்த்தினார்கள். ஆனால் தனிச் சங்கம் கட்ட முயன்றவர்களை ஜெயிலில் போட்டார்கள். கோரிக்கைக்குக் காது உண்டு, அமைப்புக்கு இடமில்லை. இந்தக் கட்சிகள் வெறும் துப்பாக்கியால் நிற்கவில்லை. எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஃபார்முலா, ஓட்டுப்பெட்டி உள்ள ஊரில்

இதே வழியை இந்தியாவில் ஒரு கட்சி முயன்று பார்த்தது. மேற்கு வங்கத்தில் 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடது முன்னணி ஆட்சி. முதலில் அவர்களும் வயலிலிருந்துதான் தொடங்கினார்கள். 'ஆபரேஷன் பர்கா' மூலம் சுமார் 15 லட்சம் குத்தகை விவசாயிகளின் உரிமையைப் பதிவு செய்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்ததற்கு அது பெரிய காரணம்.

அடுத்த கட்டம் தொழில். 1994-ல் ஜோதி பாசு புதிய தொழில் கொள்கை கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த புத்ததேவ் பட்டாச்சார்யா முதலீட்டை வாங்க ஓடினார். 2006-ல் 294-ல் 235 இடங்களோடு அபார வெற்றி. அந்தக் கையோடு டாடா நானோ காருக்காகச் சிங்கூரில் சுமார் 997 ஏக்கர் எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி விவசாயிகள் காசோலையை வாங்க மறுத்தார்கள். மம்தா பானர்ஜி 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2007 மார்ச் 14-ம் தேதி, நந்திகிராமில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குக் கிளம்பியது. 2011-ல் ஆட்சி போனது. 2016-ல் சிங்கூர் நிலத்தை விவசாயிகளிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

ஷென்செனில் நடந்தது சிங்கூரில் ஏன் நடக்கவில்லை? புத்ததேவ் திறமையற்றவர் என்பது பதில் இல்லை. அவர் கையில் அந்த மூன்றும் இல்லை. நிலத்தின் பட்டா விவசாயியின் பெயரில் இருந்தது. பேங்க் டெல்லியிடம் இருந்தது. நாற்காலி ஓட்டுப்பெட்டியில் இருந்தது. 'பர்கா'வில் நிலத்தைப் பதிவு செய்துகொடுத்த கட்சியே, பதிவு செய்த நிலத்தைக் கேட்டபோது, விவசாயி மாட்டேன் என்றார். சொல்ல அவரால் முடிந்தது.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

சிங்கூரின் சூட்டில்தான் 2013-ல் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. தனியார் கம்பெனிக்கு நிலம் எடுத்தால் 80 சதவீத உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். ஆனால் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ல் வந்த தமிழ்நாட்டுத் தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்தின்படி. இதில் இழப்பீடு 2013 சட்டப்படி உண்டு, அந்தச் சம்மத விதி இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. மாநில அரசு புதுச் சட்டம் போட்டு மீட்டது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எடுத்த நிலத்தைச் சிப்காட் கம்பெனிகளுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விடுகிறது. இந்த இடத்தில் ஷென்சென் ஞாபகம் வந்தால் அது உங்கள் தப்பில்லை.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் மேல்மா. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக அங்கே 3,174 ஏக்கர் எடுக்கத் திட்டம். 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். நவம்பரில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலமே கொதித்தது. ஓரிரு நாளில் 6 பேர் மீதான உத்தரவை அரசு ரத்து செய்தது. குண்டர் சட்டம் போட்டதும் இங்கேதான், அதைத் திரும்பப் பெற வைத்ததும் இங்கேதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் பாதி உண்மைதான்.

இன்னொரு பக்கம், அந்த மாடலுக்கும் வயதாகிறது. சீனாவில் ரியல் எஸ்டேட் சரிந்ததும், 8.7 லட்சம் கோடியாக இருந்த நில வருவாய் 2024-ல் 5 லட்சம் கோடி யுவானுக்கும் கீழே போய்விட்டது. 'எவர்கிராண்டே' கம்பெனியைக் கலைக்க 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர்களில் 21.3 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்று கணக்கு வந்தது. அதன்பின் அந்தக் கணக்கை வெளியிடுவதையே சில மாதம் நிறுத்திவிட்டார்கள். கணக்கிடும் முறையை மாற்றிக்கொண்டு மறுபடி வெளியிட்டார்கள். 'சோறு போடுகிறோம், கேள்வி கேட்காதே' என்ற எழுதப்படாத ஒப்பந்தத்தில் சோறு குறைந்தால் என்ன ஆகும் என்பது என் வயதுக்காரர்களின் கேள்வி. அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

வியட்நாமின் 'வின்ஃபாஸ்ட்' தூத்துக்குடியில் 400 ஏக்கரில் கட்டிய எலக்ட்ரிக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் நாட்டில் வளர்ந்த தனியார் முதலாளி, சிப்காட் நிலத்தில் ஆலை போட்டிருக்கிறார். அந்தச் செய்தியை டெஸ்கில் போட்ட அன்று திண்டிவனம் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஏனென்றால், அன்று டீக்கடையில் பஸ் வருவதற்குள் நான் அவரிடம் ஒன்று கேட்டிருந்தேன். "ஐயா, சைனா மாதிரின்னா உங்க நிலத்த நாளைக்கே எடுத்துக்குவாங்க, பரவால்லையா?"

அவருக்கு ஒலக்கூர் பக்கம் ஒன்றரை ஏக்கர், மல்லாட்டை போட்டிருக்கிறார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"என் நிலம் எதுக்கு தம்பி? அது நல்ல மண்ணு. புறம்போக்கு எவ்ளோ கெடக்கு, அத எடுக்கச் சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "ஆமா, சிப்காட்டுல ஏக்கருக்கு இப்ப எவ்ளோ குடுக்குறாங்களாம்? உங்க பேப்பர்ல எதுனா போட்டிருந்தாங்களா?"